அண்ணை சாப்பிட்ட ஆமை

என் கணவருக்கு வேலை போனது ஓர் ஆமையால். அந்த ஆமையை அவர் பிடிக்கவில்லை, நான் வெட்டவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை. அப்படி ஒரு ஆமையே இருக்கவில்லை. இதை எத்தனையோ பேருக்கு விளக்கிவிட்டேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பிறகு வாசல் படலையடியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "சரி, எப்படி ருசி?" என்று கேட்பார்கள். இனி வாயால் விளக்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். எழுதி வைக்கிறேன், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

எங்களுக்கு ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. என் இளமை முழுவதும் அந்த ஊர் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இராணுவத்திடம் இருந்தது. நாங்கள் பண்டத்தரிப்பிலும் சண்டிலிப்பாயிலும் மாறி மாறி இரவல் காணிகளில் இருந்தோம். கடற்கரைச் சனமான நாங்கள் தோட்டக்காரரோடு சேர்ந்து வெங்காய விலை கதைக்கப் பழகினோம். நான் கல்யாணம் கட்டியதும் பிள்ளைகளைப் பெற்றதும் அங்கேதான். ஒருவழியாக ஊரைத் திரும்பத் தந்தபோது எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. இவர், அதாவது என் கணவர், ஒரு வள்ளம் எடுத்து வலை போட்டார். அக்கரை இந்தியாவில் இருந்து வருகிற இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போயின. திரும்பவும் வாங்கினார், திரும்பவும் அறுத்தன. அதற்கு மேல் வலை வாங்க எங்களுக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மேற்கே தீவுகள் பக்கம் ஆளில்லாத ஒரு மணல் தீவையும் அதைச் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். எல்லையில் மஞ்சள் மிதவைகள் போட்டார்கள். பார்வையாளரை ஏற்றிப் போகக் கடல் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இவர் போனார், எடுத்துக்கொண்டார்கள். முதுகில் ஆமைப் படம் போட்ட நீல ரீசேட் ஒன்று கொடுத்தார்கள். விடிய பஸ் எடுத்துப் போவார், பொழுதுபடமுன் வந்துவிடுவார். கடலுக்குப் போன மனிசன் காய்ந்த உடுப்போடு வீடு திரும்புவதை நான் என் வாழ்க்கையில் அதுவரை கண்டதில்லை. காற்று எழும்பினால் கரைக்கு ஓடிப்போய் நிற்பதை விட்டேன். என் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அதனால் அந்த வேலையை நான் சாமியைப் போலக் கும்பிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

வேலையோடு சேர்ந்து ஆமைக் கதையும் வீட்டுக்கு வந்தது. இன்றைக்குப் பேராமை ஒன்று படகுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டது, இன்றைக்கு அழுங்காமை பவளப் பாறையான முருகைக்கல்லுக்குள் தலையை விட்டுக் கடித்துக்கொண்டு நின்றது, பூநாரைகள் தீவின் தெற்கு ஓரத்தில் இறங்கியிருக்கின்றன, கிளிமீன் கல்லைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கிறது. சோற்றில் கை வைத்தபடி சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டின் ஓரம் உடைந்த ஒரு கிழட்டுப் பேராமை இருந்தது. அது சாதாழை என்கிற கடற்புல்லை மேய வரும் இடமெல்லாம் இவருக்குப் பாடம். இரண்டு நாள் அதைக் காணவில்லை என்றால் மனிசனின் முகம் வாடிவிடும். நான் காய்ச்சலில் படுத்த கிழமை இவர் முகம் அவ்வளவு வாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இதை அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். சிரித்தார்.

அந்தப் பூங்காவைப் பற்றி எனக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. அங்கே வைத்திருக்கிற பலகையில், இந்தக் கடல்வளம் இயற்கையின் கொடை என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்களாம். யுத்த காலம் முழுவதும் எங்களைக் கடலில் இறங்க விடவில்லை. வலை விழவில்லை, மீனுக்கு வெடி விழவில்லை, வெளிச்சம் வைத்து யாரும் கடலட்டை பிடிக்கவில்லை. ஆமைகள் ஆறுதலாகக் கரையேறி முட்டை இட்டன, முருகைக்கல் வளர்ந்தது. நாங்கள் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் அங்கே மீன் பெருகியது. இயற்கை கொடுத்தது உண்மைதான், அதற்கு எங்கள் வயிற்றிலும் கொஞ்சம் எடுத்தது. பலகையில் அதற்கு இடம் போதவில்லைப் போலும்.

இப்போது என் அண்ணையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரேயொரு அண்ணை. நாங்கள் ஊரைவிட்டு ஓடிய காலத்திலேயே அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அம்மா செத்ததற்கும் வரமுடியவில்லை. போன வருடம்தான் முதன்முதலாக வந்தார். போகும்போது மீசை முளைக்காத முகம், வரும்போது வழுக்கை. படலையில் நின்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, பிறகு நடந்ததை வைத்து நான் அதைப் பொய் ஆக்க மாட்டேன்.

வந்த கிழமையே இவர் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் ஏற்றினார்கள். தெற்கில் இருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பமும் இரண்டு வெள்ளைக்காரரும் அதே படகில் இருந்தார்கள். மிதவை தாண்டியதும் இவர் இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் அடிமணல் தெரியத் தெளிவாக இருந்தது. சாதாழை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு திரிந்தன. ஒரு பேராமை எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் மேலே வந்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் மேயப் போனது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சல் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இந்த மனிசன் தினம் தினம் சோற்றோடு சேர்த்துச் சொன்னது இதைத்தானா என்று நினைத்தேன்.

அண்ணை மட்டும் சத்தமாகச் சிரித்தார். இவற்றை எத்தனை தின்றிருப்போம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தெற்கில் இருந்து வந்தவர்களுக்குத் தமிழ் விளங்கியிருக்காது என்றுதான் நம்பினேன். இவர் இயந்திரத்தை இழுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். இறங்கும்போது இவருடைய தோளில் கை போட்டு, அந்த நீல ரீசேட் தெரிய அண்ணை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் கேட்டார். "தங்கச்சி, போறதுக்கு முன்னம் ஒருக்கா ஆமை இறைச்சி சாப்பிட வேணும். அம்மா வைக்கிற மாதிரி." சின்ன வயதில் நாங்கள் சாப்பிட்டவர்கள்தான், மறைக்க ஒன்றும் இல்லை. வலையில் சிக்கினால் கரையில் பங்கு போடுவார்கள், அம்மா மிளகும் உள்ளியும் தாராளமாகப் போட்டுச் சமைப்பா. அது அந்தக் காலம். இப்போது ஆமை ஓட்டில் கை வைத்தாலே வழக்கு என்று சொன்னேன். வழக்குப் போடுகிறவனுக்கு ஆர் சொல்லப் போகிறார்கள் என்றார். இவருடைய வேலையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியாமலே செய்வோம் என்றார். அவர் கேட்டது எனக்கு விளங்கியது, நான் சொன்னதுதான் அவர் காதில் ஏறவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்தவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஓம் என்போம், பிறகு கிடைத்த ஒன்றைக் கொண்டுவந்து அதுதான் இது என்போம். பருவம் முடிந்த பிறகு வந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கேட்பார்கள். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு மாம்பழத்தைத் தோலை மொத்தமாகச் சீவி வெட்டி வைப்போம். அவர்கள் கண்ணை மூடிச் சுவைத்து, உலகத்தில் வேறெங்கும் இந்த ருசி இல்லை என்பார்கள். நாங்களும் ஓம் என்போம். வந்தவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் முகம் மிச்சம். இதை ஏமாற்று என்று இங்கே யாரும் சொல்வதில்லை, உபசாரம் என்றுதான் சொல்வார்கள்.

ஆனாலும் ஆமை விசயத்தில் நான் ஓம் சொல்லாமல்தான் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்தில் மீன் விற்கிற மனிசி வந்து சொன்னா, உன்ரை அண்ணை அங்கே ஒவ்வொருவரிடமும் ஆமை கிடைக்குமா என்று விசாரிக்கிறார் என்று. எவ்வளவு காசு கேட்டாலும் தருவேன் என்கிறாராம். இல்லாத வீட்டுப் பெடியன் ஒருவன் ஆசைப்பட்டு எங்கேயாவது ஒன்றைப் பிடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தால்? பூங்காப் படகோட்டியின் வீட்டு வாசலில் உயிரோடு ஒரு ஆமை. அன்று மத்தியானம் அண்ணையைக் கூப்பிட்டு, இனி யாரிடமும் கேட்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே ஒழுங்கு செய்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அயலில் பங்கு ஆடு அடிப்பார்கள். ஒரு ஆட்டை அடித்துச் சேர்ந்தவர்கள் பிரித்து எடுப்பது. முற்றிய கிடாயாகப் பார்த்து ஒரு பங்கு எடுத்தேன். கடல் மணம் வேண்டுமே, அதற்காக ஒரு துண்டுத் திருக்கையை அவித்து அந்தத் தண்ணீரிலேயே இறைச்சியை வேக வைத்தேன். கறுப்பாக வறுத்த தூள், மிளகு, உள்ளி, இறக்கும்போது வாசத்துக்கு ரம்பை இலை. அம்மாவின் கை அளவு எனக்குத் தெரியும். இவர் வேலைக்குப் போயிருந்தார், ஞாயிறுதான் பூங்காவில் சனம் கூட.

அண்ணை வாழையிலையில் சோறு போடச் சொன்னார். முதல் வாயிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சைக் கொழுப்பைக் காணவில்லையே என்று ஒருதரம் கேட்டார். முந்தின மாதிரி இப்போதைய ஆமைக்குக் கொழுப்பு வைப்பதில்லை என்றேன். அதையும் நம்பினார். சட்டியை வழித்துச் சாப்பிட்டு, கை காயும்வரை இலைக்கு முன்னாலேயே இருந்தார். அம்மாவே வந்து பரிமாறியது மாதிரி இருக்கிறது என்றார். அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆமையும் தப்பியது, வேலையும் தப்பியது, அண்ணையின் மனமும் குளிர்ந்தது என்று நினைத்தேன்.

பின்னேரம் இவர் வந்ததும் குசினிக்குள் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். வெறும் சட்டியைப் பார்த்து, திருக்கைத் தண்ணீர்க் கதையைக் கேட்டு, அண்ணைக்குக் கேட்டுவிடக்கூடாது என்று வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியாக நாங்கள் இரண்டுபேரும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணை சாப்பிடுவதற்கு முன் இலையைப் படம் எடுத்ததை நான் கண்டேன். வெளிநாட்டுக்காரர் கோழிக்குஞ்சையும் படம் எடுப்பார்கள், அதனால் பொருட்படுத்தவில்லை. அவர் கனடா போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அதை முகநூலில் போட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு தங்கச்சியின் கையால் ஆமை இறைச்சி என்று எழுதி, இலைப் படத்தையும் போட்டு, அதற்குப் பக்கத்திலேயே அந்த நீல ரீசேட்டோடு இவரின் தோளில் கை போட்ட படத்தையும் போட்டிருந்தார். கீழே உலகம் முழுவதும் இருந்து எங்கள் ஊர்ச் சனம் வந்து எச்சில் வடித்திருந்தது. எனக்கும் ஒரு பார்சல் என்று லண்டனில் இருந்து ஒருவர். ஆமை இறைச்சி சாப்பிட்டவன்தான் எங்கள் ஊரான் என்று இன்னொருவர். ஊரில் ஒருநாள் இருக்க மாட்டார்கள், ஊரின் ருசி மட்டும் அவர்களுக்கு வேண்டும்.

யார் கொண்டுபோய்க் காட்டினார்களோ தெரியாது, பூங்கா அலுவலகத்தில் இருந்து இவருக்கு அழைப்பு வந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பொறுப்பாக இருந்தவர் இளம் அதிகாரி, தமிழர்தான், மரியாதையாகக் கதைத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், ஒரு கெட்டவன் இருந்திருந்தால் திட்டவாவது ஆள் இருந்திருக்கும். நான் முழுவதையும் சொன்னேன். பங்கு போட்ட வீடுகளைச் சொன்னேன், வேண்டுமானால் எல்லோரும் வந்து சாட்சி சொல்வார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆடு வாங்கினதுக்குச் சாட்சி இருக்கு அம்மா," என்றார். "ஆமை சமைக்கேல்லை எண்டதுக்கு என்ன சாட்சி?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். படத்தைப் போட்டவர், தான் எழுதியது சரியில்லை, அது ஆட்டிறைச்சிதான் என்று தன் வாயால் சொன்னால், விசயத்தை அத்தோடு விட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. இங்கே பின்னேரம், அங்கே விடிந்திருக்கும், அண்ணை வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். அதிகாரியின் மேசையில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டு, நானே முதலில் கதைத்தேன்.

"அண்ணை, உங்களுக்கு நான் வைச்சது ஆடு. மணத்துக்குத் திருக்கை போட்டனான். நீங்கள் ஆமைக்கு அலையிறியள் எண்டுதான் பொய் சொன்னனான். இப்ப இவரின்ரை வேலை போகப் போகுது. அது ஆடு எண்டு இங்கை இருக்கிற அதிகாரிக்குச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் அண்ணை சிரித்தார். சின்னப்பிள்ளையைத் தேற்றுகிற சிரிப்பு.

"பிள்ளை, பயப்பிடாதை. எனக்கு ஆடும் ஆமையும் தெரியாதே?" என்றவர், அதிகாரியோடு கதைத்தார். "தம்பி, நான் பொய் சொல்லுற ஆள் இல்லை. அது ஆமைதான். எங்கடை அம்மா வைச்ச அதே ருசி. ஆனா மச்சான் பிடிச்சிருக்க மாட்டார், அவர் உங்களுக்கு நல்ல விசுவாசம். வேறை ஆரும் குடுத்திருப்பினம். அதுக்கு நான் உத்தரவாதம்."

இவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அவர் நினைத்தார். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். கேட்டால், உண்மையைச் சொல்லி மச்சானின் பெயரையும் காப்பாற்றினேன் என்பார். தான் அழுது அழுது சாப்பிட்டது வெறும் ஆடு என்பதை ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை. தாய் செத்ததற்கும் வராத மனிசனுக்கு அந்த ஒரு சாப்பாடுதான் ஊரோடு மிச்சம் இருந்த சொந்தம். அதை ஆட்டிறைச்சி ஆக்க மாட்டேன் என்று நின்றார். அதற்கு விலையாகப் போனது என் கணவரின் வேலை. அண்ணையின் கனடாவில் ஒரு வேலை போனால் இன்னொரு வேலை இருக்குமாக்கும்.

அதிகாரி போனை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார். வழக்குப் போடாமல் விடுகிறேன், ஆனால் நாளையில் இருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். வழக்குப் போடாததற்கு நாங்கள் இரண்டுபேரும் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னோம். இவர் அணிந்திருந்த ரீசேட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே போய், நான் தோளில் போட்டிருந்த சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இத்தனை காலம் எங்களைத் துரத்தியவர்கள் மேல் இல்லாத கோபம் எனக்கு அந்த இடத்தில் அண்ணையின் மேல் வந்தது. அது இன்னும் போகவில்லை. அவர் அழைத்தால் எடுப்பதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் இல்லை. பண்ணைப் பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் வற்றிக் கிடந்தது. இவர் யன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணையைத் திட்டுவார், அல்லது என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டையும் செய்யவில்லை. யாழ்ப்பாணம் நெருங்கும்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, உண்மையைச் சொல்லு. அது ஆடுதானே?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது. அவரும் தலையாட்டினார். இத்தனை வருடம் ஒன்றாக இருந்த எனக்கு அவருடைய தலையாட்டல்கள் எல்லாம் தெரியும், அது எப்படிப்பட்டது என்றும் தெரிந்தது. இப்போது அவர் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார், நனைந்து வருகிறார். கேட்டதற்குப் பதில் சொல்வார், பிள்ளைகளோடு சிரிப்பார். திரும்ப ஒருநாளும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பங்கு இறைச்சி எடுத்துச் சமைத்தால், வயிறு சரியில்லை என்று சொல்லி வெறும் தேங்காய்ப்பால் சொதியோடு சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுகிறார்.